விட்டுப்போனவன் திரும்பி வரும் கதை: சிற்றூர்க் காதல் நாவல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சின்ன ஊர். ஒருகாலத்தில் காதலித்துப் பிரிந்த இருவர். பல வருடம் கழித்து அதே தெருவில் எதிரெதிரே நிற்கிறார்கள். இந்தக் கதையை எத்தனை பேர் எழுதினாலும் வாசகர்கள் இன்னும் ஒன்று கேட்கிறார்கள். ‘அன்றைக்கு அப்படிச் செய்யாமல் இருந்திருக்கலாம்’ என்று நினைத்துக்கொள்ள எல்லோரிடமும் ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் உங்கள் கதையைத் திறக்கிறார்கள். ஆகவே இதை ஏனோதானோ என்று எழுதக் கூடாது.

இந்த வகைக் கதைகளை நான் எழுதியிருக்கிறேன், மற்றவர்கள் எழுதியதைப் படித்துத் திருத்தியும் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலான பிரதிகள் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. அவன் மன்னிப்புக் கேட்கிறான், அவள் அழுகிறாள், அடுத்த பத்தியில் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். மன்னிப்பதும் மறுபடி சேர்வதும் ஒரே முடிவு என்று எழுதியவர் நினைத்துவிடுகிறார். மன்னிப்பைப் பல வருடங்கள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் என்ரைட் இந்த இரண்டையும் பிரித்தே பேசுகிறார். மன்னிப்பு ஒருவர் மனதுக்குள் நடப்பது. சேர்வதற்கு இரண்டு பேர் வேண்டும், நம்பிக்கை திரும்ப வேண்டும். ஒருவரை முழுமனதாக மன்னித்துவிட்டு, ‘ஆனால் உன்னோடு வாழ மாட்டேன்’ என்று சொல்ல முடியும். உங்கள் நாயகிக்கும் அந்த வழி கடைசிவரை திறந்தே இருக்க வேண்டும். அது இருந்தால்தான் அவள் சொல்லும் ‘சரி’க்கு எடை வரும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இதை மையமாக வைத்தவை.

1. காயத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘அவன் அவளை ஏமாற்றிவிட்டான்’ என்பது போதாது. எந்த நாள், எந்த இடம், என்ன செய்தான், அதனால் அவளுக்கு என்ன போயிற்று, இந்த நான்கும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஓர் உதாரணக் கதையை வைத்துக்கொள்வோம். அவளுக்கு ஓர் அச்சகம், அப்பா விட்டுப்போனது. அவனும் அவளும் சேர்ந்து ஒரு பழைய ஆஃப்செட் மிஷின் வாங்கப் பணம் சேர்க்கிறார்கள். ஒரு நோட்டில் மாதாமாதம் கணக்கு எழுதுகிறார்கள். ஒரு மாதம் அவன் கையெழுத்து, அடுத்த மாதம் அவள் கையெழுத்து. காயம் இதுதான்: ‘ஒரு வியாழக்கிழமை, அவன் தன் அண்ணனின் கடனை அடைக்க அந்தப் பணம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இரவு பேருந்தில் ஊரைவிட்டுப் போய்விட்டான், மிஷினுக்கு முன்பணம் கொடுத்திருந்த அவள் கடனில் நின்றாள்.’

இதில் பணம் ஒரு தவறு, மௌனம் இன்னொரு தவறு. அண்ணன் கடனுக்காக என்பது காரணம். அது பணத்தை விளக்கும், மௌனத்தை விளக்காது. மன்னிப்புக் காட்சிக்கு வரும்போது இந்தப் பிரிவு எவ்வளவு கைகொடுக்கிறது என்பதைப் பார்ப்பீர்கள்.

காயத்தின் அளவு முக்கியம். ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துவிடுகிற தவறான புரிதல் என்றால் அங்கே மன்னிக்க எதுவுமே இல்லை. ‘கடிதம் தொலைந்துவிட்டது’, ‘அவன் கூட நின்ற பெண் அவன் தங்கை’ என்பதெல்லாம் இருவரையும் குற்றமற்றவர்களாக வைத்துக்கொள்ளும் உத்திகள். குற்றமற்றவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு எதற்கு? யாரோ ஒருவர் தெரிந்தே ஒரு தப்பைச் செய்திருக்க வேண்டும்.

எல்லை இன்னொரு பக்கமும் உண்டு. அடித்தவன், மிரட்டியவன், பயத்தில் வைத்திருந்தவன் திரும்பி வருவதை இந்த வகைக் கதையாக எழுதாதீர்கள். அவனிடமிருந்து தப்பித்தவள் நிம்மதியாக இருக்கிறாள் என்பதே அங்கே நல்ல முடிவு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

2. பிரிந்த வருடங்களுக்குக் கணக்குப் போடுங்கள்

ஒரு தாளை நடுவில் மடித்து இடப்பக்கம் அவள், வலப்பக்கம் அவன் என்று வருடவாரியாக எழுதுங்கள். எந்த வேலை, எந்த வீடு, யார் இறந்தார்கள், இடையில் வேறு யாரையாவது விரும்பினார்களா. நம் உதாரணத்தில் இடைவெளி ஒன்பது வருடம். அவளுக்கு அப்போது 24, இப்போது 33. கடனை அடைக்க அவளுக்கு நான்கு வருடம் ஆயிற்று. ஐந்தாம் வருடம் ஒருவரை மணக்க இருந்து, வேண்டாம் என்று விட்டாள். அவன் மூன்று ஊர் மாறினான்.

இடைவெளி சும்மா காலம் கடத்துவதற்கு இல்லை. பிரிவுக்கு அன்று இருந்த காரணத்தை அது மாற்றியிருக்க வேண்டும். ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவல் 1817 கடைசியில் வெளிவந்தது. இந்த வகைக் கதைக்கு மூத்த உதாரணம் அதுதான். 19 வயதில் நிச்சயத்தை முறித்தவள் 27 வயதில் அவனை மறுபடி பார்க்கிறாள். அன்று அவனிடம் பணமும் பதவியும் இல்லை, இப்போது இரண்டும் இருக்கின்றன. முறித்ததற்கான காரணம் போய்விட்டது, வலி மட்டும் மிச்சம். எட்டு வருடத்துக்கு மேல் ஓடியிருப்பதால்தான் அது நம்பும்படி இருக்கிறது.

இந்தக் காலத்துக் கதைக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. எல்லோர் கையிலும் கைபேசி. ஒன்பது வருடம் இருவரும் பேசவே இல்லை என்றால் ஏன்? அவள் எண்ணைத் தடுத்து வைத்தாளா? அவன் எழுதி எழுதி அனுப்பாமல் அழித்தானா? வாசகர் முதல் அத்தியாயத்திலேயே இதைக் கேட்டுவிடுவார். ஒரு வரியிலாவது பதில் வையுங்கள்.

3. ஊரை வரையுங்கள், பிறகு ஊரின் வாயை எழுதுங்கள்

உண்மையிலேயே வரைபடம் போடுங்கள். அச்சகம் எங்கே, பேருந்து நிலையம் எங்கே, அவன் அம்மா வீட்டிலிருந்து மருந்துக் கடைக்கு எத்தனை நிமிட நடை. பெருநகரத்தில் பிடிக்காதவர் இருக்கும் தெருவைத் தவிர்த்துப் போகலாம். சின்ன ஊரில் மருந்துக் கடை ஒன்றுதான், அதுவும் அச்சகத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது. இந்தத் தவிர்க்க முடியாமைதான் உங்கள் கதையின் எஞ்சின். தற்செயலாகச் சந்திக்கவைக்க நீங்கள் கஷ்டப்பட வேண்டாம். ஊர் அதைப் பார்த்துக்கொள்ளும்.

அச்சகத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. ஊரில் நடக்கும் ஒவ்வொரு நல்லது கெட்டதும் முதலில் புரூஃபாக அவள் மேஜைக்கு வருகிறது. பிரிந்தவளாக உட்கார்ந்து ஒன்பது வருடம் ஊரார் கல்யாணப் பத்திரிகைகளில் எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறாள். பாத்திரத்துக்குத் தொழில் கொடுக்கும்போது இப்படி அந்த ஊரோடும் காயத்தோடும் முடிச்சு விழும் தொழிலாகக் கொடுங்கள்.

அப்புறம் ஊரின் வாய். தமிழ் அகப்பாடல் மரபு இதற்கு இரண்டு சொற்களை வைத்திருக்கிறது: அம்பல், அலர். மொட்டுப் போல இன்னும் விரியாமல், ஒருவர் காதில் ஒருவர் சொல்லும் முணுமுணுப்பு அம்பல். பூவாக விரிந்து எல்லோர் வாயிலும் புழங்குவது அலர். திருக்குறளில் ‘அலர் அறிவுறுத்தல்’ என்று ஒரு தனி அதிகாரமே உண்டு, 115-ஆவது. இந்த இரண்டு நிலைகளையும் உங்கள் கதையில் தனித்தனியாகக் காட்டுங்கள். அவன் வந்திறங்கிய காலை, அச்சகத்தில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றுபோவது அம்பல். மூன்றாம் நாள் பத்திரிகை அடிக்க வந்தவர் நேராகவே, ‘என்னம்மா, வந்துட்டானாமே?’ என்பது அலர். மொட்டு விரிய எத்தனை நாள் ஆகிறது என்பதிலேயே ஊரின் குணம் தெரிந்துவிடும்.

நடந்ததைப் பற்றி மூன்று கதைகள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் நடந்தது, அவர்கள் ஒவ்வொருவரும் நம்புவது, ஊர் நம்புவது. நம் உதாரணத்தில் ஊர் நம்புவது, ‘எவளோடோ ஓடிப்போய்விட்டான்’. அவளுக்கு உண்மை தெரியும். ஆனால் பணம் போனது வெளியே தெரிந்தால் அச்சகத்தை நம்பி யாரும் கடன் தர மாட்டார்கள் என்று அந்தப் பொய்யை அவள் மறுக்கவே இல்லை. விளைவு, அவன் அம்மா ஒன்பது வருடம் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை.

பார்த்தீர்களா, இப்போது அவள் பக்கமும் ஒரு கணக்கு வந்துவிட்டது. மன்னிக்க வேண்டியவளாக மட்டும் இருந்தவள் மன்னிப்புக் கேட்க வேண்டியவளாகவும் ஆகிறாள், அதுவும் அவனிடம் இல்லை, அவன் அம்மாவிடம். இப்படி ஒரு முடிச்சு கிடைத்துவிட்டால் கதை தானாக நடக்கும். ஆனால் ஒன்று: அவள் தவறைக் காட்டி அவன் தவறைச் சமன் செய்துவிடாதீர்கள். இரண்டும் தனித்தனிக் கணக்கு.

ஊரை அழகுப்படத்தில் வருவது போல எழுதவும் வேண்டாம். எல்லோரும் நல்லவர்களாக இருக்கும் ஊரில் மன்னிப்புக்கு விலை இல்லை. பேசாத அண்ணன் தம்பி, வேலி வழக்கு, ஒருவரை ஒதுக்கி வைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமலே இருக்கும் ஒரு தெரு, இதில் ஏதாவது ஒன்று ஓரமாக இருக்கட்டும். பெயர் வைத்த துணைப்பாத்திரங்கள் பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம். அவர்களில் கதையைத் தள்ளுபவர்கள் நாலைந்து பேர் போதும்.

4. வந்ததற்கு ஒரு காரணம், தங்கியதற்கு இன்னொரு காரணம்

வந்ததற்கான காரணம் வெளியிலிருந்து வரட்டும். அவன் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, ஆறு வாரம். மனம் மாறி அவளைத் தேடி வந்தான் என்றால் கதை முதல் பக்கத்திலேயே பாதி முடிந்துவிடுகிறது. கெடுவும் வையுங்கள். ஆறு வாரம் என்று தெரிந்தால்தான் வாசகர் நாள் எண்ணுவார். ஆறாவது வாரம் முடிந்தபிறகு அவன் ஏன் போகவில்லை என்பதுதான் தங்கியதற்கான காரணம். அதை அவனே மெதுவாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

5. எலும்புக்கூட்டை நிறுத்துங்கள்

காதல் நாவல் என்று எதைச் சொல்வது? 1980-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் இரண்டே நிபந்தனை சொன்னது. கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். இரண்டாவதை மீற நினைப்பவர்கள் வேறு வகை நாவல் எழுதட்டும், அதுவும் நல்ல வேலைதான். ஆனால் அட்டையில் காதல் நாவல் என்று போட்டுவிட்டு கடைசிப் பக்கத்தில் வாசகரைக் கைவிடக் கூடாது.

ஆய்வாளர் பமீலா ரெஜிஸ் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் காதல் நாவலுக்கு எட்டு உறுப்புகளைக் காட்டினார். சமூகத்தின் நிலை, சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலைச் சொல்லுதல், எல்லாம் செத்துப்போனது போன்ற ஒரு கட்டம், உண்மையை உணர்தல், ஒன்றுசேர உறுதிகொள்ளுதல். இந்தப் பட்டியலை நம் கதை மேல் வைத்துப் பாருங்கள். சந்திப்பும் ஈர்ப்பும் காதலைச் சொல்லுதலும் முதல் பக்கத்துக்கு முன்பே முடிந்துவிட்டன. எல்லாம் செத்துப்போனதும் ஒருமுறை நடந்தாயிற்று. ஆக உங்கள் நாவல் நான்கு உறுப்புகள் முடிந்த பிறகு தொடங்குகிறது. அவற்றை மறுபடி நடத்த வேண்டும், ஆனால் வேறு மாதிரி. முதல் ஈர்ப்பு இளமையில் வந்தது. இரண்டாவது ஈர்ப்பு, எதிரில் நிற்பவர் இப்போது எப்படிப்பட்ட ஆள் என்பதைப் பார்த்து வர வேண்டும். ‘அதே கண்கள், அதே சிரிப்பு’ என்று எழுதினால் பழைய காதலை நினைவுபடுத்துகிறீர்கள், அவ்வளவுதான். அம்மாவைக் கழிப்பறைக்குத் தூக்கிப்போய்விட்டு வந்து, முகம் சுளிக்காமல் கை கழுவும் அவனை ஜன்னல் வழியாக அவள் பார்ப்பது புதியது.

அளவு என்று பார்த்தால் 70,000 முதல் 80,000 சொற்கள் வசதியானது. அத்தியாயத்துக்கு 2,500 சொல் வைத்தால் முப்பது அத்தியாயம். முதல் நேருக்கு நேர் சந்திப்பு மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டக் கூடாது. மன்னிப்புக் கேட்கும் காட்சி பாதியை ஒட்டி வரட்டும். கடைசியில் வைத்தால் அவளுக்கு யோசிக்க நேரமே இருக்காது. முதல் பிரதியில் நான் அதைத்தான் செய்தேன். இருபத்தெட்டாம் அத்தியாயத்தில் அவன் வாய் திறந்தான், முப்பதில் கதை முடிந்தது. படித்த தோழி ஒருத்தி, ‘பாவம், இவளுக்கு ஒரு ராத்திரி தூங்கக்கூட டைம் குடுக்கலையே நீ’ என்றாள். அந்த ஒரு வரிக்காகப் பதினைந்து அத்தியாயங்களைத் திரும்ப எழுதினேன்.

பழைய கதையை எப்போது சொல்வது? மூன்று தவணையாக. முதலில் ஊர் சொல்லும் கதை, பிறகு அவள் கதை, கடைசியாக அவன் கதை. ஒவ்வொரு தவணையும் முந்தையதைப் பொய்யாக்க வேண்டும், அல்லது புரட்டிப் போட வேண்டும். ஐந்து பக்கத்துக்கு நீளும் பின்னோக்குக் காட்சியைவிட, கையில் தட்டுப்படும் ஒரு பொருள் நன்றாக வேலை செய்யும். பொருள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: அந்த நோட்டு.

6. மன்னிப்புக் கேட்கும் காட்சி

இங்கே நிதானமாக உட்காருங்கள். நாவலில் ஒரே ஒரு காட்சியைத்தான் பத்து முறை திருத்தி எழுத நேரம் இருக்கிறது என்றால் இதை எழுதுங்கள்.

ராய் லெவிக்கி என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவருடன் இருந்தவர்களும் 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 755 பேரிடம் கேட்டுப் பார்த்தது. மன்னிப்புக் கேட்பதில் ஆறு கூறுகள் இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டார்கள்: வருத்தம் தெரிவிப்பது, என்ன நடந்தது என்று விளக்குவது, தவறு என்னுடையதுதான் என்று ஏற்பது, இனி செய்ய மாட்டேன் என்பது, சரிசெய்ய முன்வருவது, ‘மன்னித்துவிடு’ என்று கேட்பது. எதற்கு எடை அதிகம்? தவறை ஏற்பதற்கு. அதற்கு அடுத்தது சரிசெய்ய முன்வருவது. எல்லாவற்றிலும் எடை குறைவானது ‘மன்னித்துவிடு’ என்று கேட்பதுதான்.

நம் பிரதிகளில் இது தலைகீழாக இருக்கிறது. நாயகன் மூன்று பக்கம் விளக்கம் சொல்கிறான், கண்ணீரோடு மன்னிப்பை யாசிக்கிறான், நடுவில் ‘தப்பு என்னுடையது’ என்ற ஒரு வரி எங்கேயோ தொலைந்துபோகிறது. கெஞ்சக் கெஞ்ச வேலை அவள் தலையில் ஏறுகிறது. காயம்பட்டவளே அவனைத் தேற்றவும் வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

‘அண்ணன் உயிரை விட்டுடுவானோன்னு பயந்துட்டேன். உனக்குக் கஷ்டமா இருந்திருந்தா மன்னிச்சிடு. ஆனா என் நிலைமையில நீ இருந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?’

‘பணத்தை நான்தான் எடுத்தேன். உன்கிட்ட சொன்னா நீ வேணாம்னு சொல்லுவியோன்னு சொல்லல. நீ முன்பணம் குடுத்திருந்தது எனக்குத் தெரியும்.’

முதலாவதில் ‘இருந்திருந்தா’, ‘ஆனா’ என்ற இரண்டு சொற்கள் மன்னிப்பைத் தின்றுவிட்டன. இரண்டாவதில் மன்னிப்பு என்ற சொல்லே இல்லை. மூன்று வரியில் மூன்று தவறு, ஒன்றுக்கொன்று கனமாகிக்கொண்டே போகிறது. கடைசி வரியை அவன் சொல்லாமலே விட்டிருக்கலாம், அவளுக்கு அது தெரியாது. அவன் அதைச் சொன்னதால்தான் அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்க்கிறாள்.

இப்போது நோட்டு. அவன் அதைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைக்கிறான். அட்டையின் முனை மடங்கியிருக்கிறது. அவள் திறக்கிறாள். அவன் கையெழுத்து, அவள் கையெழுத்து, அவன், அவள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு பக்கம் காலியாக இருக்கும் என்று நினைத்துப் புரட்டுகிறாள். காலியாக இல்லை. ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் ஒரு தொகை, நீல மையிலும் கறுப்பு மையிலும், ஒன்பது வருடம். தான் திருப்பித் தர வேண்டியதை அவன் தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறான். அவள் எழுத வேண்டிய மாதங்களின் வரிசையை மட்டும் காலியாக விட்டிருக்கிறான்.

ஓர் எழுத்தாளருக்கு இங்கே ஆசை வந்துவிடும். அவள் உடைந்து அழுதால் காட்சி முடிந்தது. பொறுங்கள். அவள் அச்சகம் நடத்துகிறவள், கணக்குத் தெரிந்தவள். மூன்றாம் வருடத்துப் பக்கத்தில் விரலை வைத்து அவள் கேட்க வேண்டியது இது: ‘இந்த மாசம் கடன்காரன் வந்து அப்பா நாற்காலியில உட்கார்ந்துட்டுப் போக மாட்டேன்னான். உன்கிட்ட அப்போ இவ்வளவு இருந்திருக்கு. ஏன் அனுப்பல?’

அதற்கு அவனிடம் நல்ல பதில் இல்லை. இருக்கவும் கூடாது. சேர்த்து வைத்தது அவன் மன ஆறுதலுக்கு, அனுப்பியிருந்தால் அவளுக்கு உதவியிருக்கும். ‘முழுசா சேர்த்துட்டு வரணும்னு நினைச்சேன்’ என்று சொல்லிவிட்டு, அவன் சொன்ன வேகத்திலேயே அது எவ்வளவு சுயநலம் என்பது அவனுக்கே கேட்க வேண்டும். நல்ல மன்னிப்புக் காட்சியில் கேட்பவர் உள்ளே வரும்போது தெரிந்ததைவிட வெளியே போகும்போது தன் தவறைக் கூடுதலாகத் தெரிந்துகொள்கிறார். அவள் நோட்டை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள், அவனைப் போகச் சொல்கிறாள். காட்சி அங்கே நிற்கட்டும்.

7. மன்னிப்பவளுக்கு நேரம் கொடுங்கள்

எவரெட் வொர்திங்டன் என்ற உளவியலாளர் மன்னிப்பை இரண்டாகப் பார்க்கிறார். ‘இனி இவனைப் பழிவாங்க நினைக்க மாட்டேன்’ என்று எடுக்கும் முடிவு ஒன்று. உள்ளே இருக்கும் கசப்பு கரைந்து வேறு உணர்வு வருவது இன்னொன்று. முதலாவது ஒரு மாலையில் நடக்கலாம். இரண்டாவது தன் போக்கில்தான் வரும், வந்துவிட்டுத் திரும்பியும் போகும்.

கதைக்கு இது பெரிய வரம். அவள் மன்னிக்க முடிவு செய்துவிட்டாள், நல்ல முகமாகப் பேசுகிறாள், சிரிக்கவும் செய்கிறாள். ஒருநாள் பழைய முன்பண ரசீது ஒன்று இழுப்பறையிலிருந்து விழுகிறது. அவளுக்குக் கை நடுங்குகிறது. அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. அவன் என்ன செய்கிறான்? ‘அதான் மன்னிச்சிட்டியே, இன்னும் என்ன?’ என்று கேட்டால் அவன் இன்னும் தயாராகவில்லை. கேட்காமல் அச்சான தாள்களை அடுக்கிக் கட்டிவிட்டு, ‘நாளைக்கு வர்றேன்’ என்று போனால் வாசகர் அவனை நம்பத் தொடங்குவார்.

இந்த இடத்தைத் தமிழ் மரபு எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறது என்று நினைக்க எனக்கு வியப்பாக இருக்கும். பிரிந்துபோய்த் திரும்பி வந்த தலைவன் தனக்காகப் பேச ஆள் அனுப்புவான். அப்படிப் போகிறவர்களுக்கு ‘வாயில்கள்’ என்று பெயர். தொல்காப்பியம் தோழியில் தொடங்கிப் பன்னிரண்டு பேரைப் பட்டியல் போடுகிறது. அவர்களைத் திருப்பி அனுப்புவதற்கு ‘வாயில் மறுத்தல்’ என்று பெயர். உங்கள் ஊரிலும் அவனுக்காகப் பரிந்து பேச வருகிறவர்கள் இருப்பார்கள்: அவன் அம்மா, மருந்துக் கடைக்காரர், அவள் தோழி. ஒவ்வொருவரையும் அவள் எப்படித் திருப்பி அனுப்புகிறாள் என்று எழுதினால் மூன்று நல்ல காட்சிகள் கிடைக்கும். தோழிக்கு அவள் சொல்லும் ‘முடியாது’ வேறு, அம்மாவுக்குச் சொல்லும் ‘முடியாது’ வேறு.

அளவையும் குறளே சொல்கிறது. ஊடல் உப்பு மாதிரி, அளவோடு இருந்தால் சுவை, கொஞ்சம் கூடினாலும் கெட்டது (1302). நூறு பக்கத்துக்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தால் வாசகர் சலித்துவிடுவார். கோபம் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் இருவருக்கும் இடையே ஏதாவது ஒன்று அசைந்திருக்க வேண்டும்.

அவள் மன்னிக்கும் கணத்தில் அவன் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்பது என் கட்சி. நம் கதையில் அது அவன் அம்மாவின் கட்டிலருகே நடக்கலாம். அவள் போய், ‘ஊர் சொன்னது பொய்னு எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சும் சும்மா இருந்தேன்’ என்கிறாள். கிழவி வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, ‘அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடு, தெருவைப் பார்க்கணும்’ என்கிறாள். தான் கேட்கும்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், தன்னிடம் கேட்டவனை அவளால் வேறு கண்ணால் பார்க்க முடிகிறது. ஆனால் இங்கேயும் அவர்கள் சேரவில்லை. மன்னித்தாயிற்று, அவ்வளவுதான்.

8. பழைய காயத்தையே திரும்பக் கொண்டுவாருங்கள்

கடைசிப் பகுதியில் ஒரு நெருக்கடி வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். புதிதாக ஒரு வில்லனையோ பழைய காதலியையோ கொண்டுவராதீர்கள். முதல் படியில் எழுதிய அதே வாக்கியத்தை எடுங்கள். அதே சூழ்நிலையில் அவனை மறுபடி நிறுத்துங்கள்.

அண்ணன் மறுபடி கடனில். இரவு பத்து மணிக்கு அழைக்கிறான். நம் நாயகன் பேருந்து நிலையப் பக்கம் நடப்பதை யாரோ பார்த்து, அவளுக்குத் தகவல் வந்துவிடுகிறது: ‘பையோட போறானாம்.’ அவள் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். வாசகருக்கும் வயிறு கலங்க வேண்டும். பதினோரு மணிக்கு அச்சகக் கதவு தட்டப்படுகிறது. ‘அண்ணன் கூப்பிட்டான். பணம் கேட்கிறான். டிக்கெட் வாங்கத்தான் போனேன். வாங்கல. உன்கிட்ட சொல்லாம வாங்க முடியல.’

மனம் மாறிவிட்டான் என்று நீங்கள் பத்துப் பக்கம் எழுத வேண்டாம். அன்று சொல்லாமல் போனவன் இன்று சொல்ல வந்திருக்கிறான். நம்பிக்கை திரும்புவது இந்த மாதிரி ஒரு செயலில்தான். சேர்வதற்கான முடிவை அவள் இதற்குப் பிறகுதான் எடுக்க முடியும். எடுக்காமலும் போகலாம் என்ற பயம் வாசகருக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும்.

9. முடிவு

ஊர் முழுக்கக் கூடியிருக்கும் இடத்தில் அவன் மண்டியிட்டுக் கேட்கும் காட்சியைத் தவிர்த்துவிடுங்கள். அத்தனை கண்கள் பார்க்கும்போது அவள் ‘இல்லை’ என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாத இடத்தில் சொன்ன ‘சரி’ சரியே இல்லை. இருவரும் தனியாக முடிவு செய்யட்டும். ஊர் மெதுவாகத் தெரிந்துகொள்ளட்டும், இந்த முறை உண்மையை.

நம் கதையில் எனக்குத் தோன்றும் கடைசிக் காட்சி சின்னது. மாதக் கடைசி. அவள் அந்த நோட்டை எடுத்து, அவன் காலியாக விட்டிருந்த வரிசைகளைத் தொடாமல், புதுப் பக்கம் திருப்பித் தேதி போடுகிறாள். தொகை எழுதுகிறாள். பேனாவை அவன் பக்கம் தள்ளிவைக்கிறாள், அடுத்த மாதம் அவன் முறை. போன வருடங்களை நிரப்பாமல் விடுகிறாள் என்பதைக் கவனியுங்கள். அவை திரும்பி வராது, கதையும் அதை மறைக்கக் கூடாது.

10. திருத்தும்போது

பிரதியை இரண்டு வாரம் மூடி வையுங்கள். பிறகு இரண்டு வண்ணப் பென்சில் எடுத்து, அவன் தன் தவறை நினைக்கும் வரிகளுக்கு ஒரு நிறமும் அவளை இழந்த துக்கத்தை நினைக்கும் வரிகளுக்கு இன்னொரு நிறமும் அடியில் கோடிடுங்கள். இரண்டாவது நிறம் அதிகமாக இருந்தால் அவன் இன்னும் தனக்காகத்தான் வருந்துகிறான். உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள். ‘மன்னிப்பு’ என்ற சொல் நாவலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாதியை வெட்டுங்கள்.

கடைசியாக, லேசில் மன்னிக்காத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். ‘இந்தக் கதை பிடித்ததா?’ என்று கேட்க வேண்டாம். கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, ‘நீங்களாக இருந்தால் எந்த வரியில் கதவைச் சாத்தியிருப்பீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் கோடு போட்ட வரிக்கு முந்தைய அத்தியாயத்திலிருந்து மறுபடி எழுதத் தொடங்குங்கள்.